தொண்டு நிறுவனங்களும் கருத்தாய்வும்: களத்தில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாலைப் படிப்பகம், முதியோர் இல்லம், சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு, மருத்துவ முகாம் என ஏதோ ஒரு வேலையைச் சிறிய அளவில் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். பயிற்சி வகுப்புகளில் மற்றவர்களையும் அப்படி நடக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

நாங்கள் தினமும் மக்களோடுதான் இருக்கிறோம். தனியாகக் கருத்தாய்வு எதற்கு?

நீங்கள் தினமும் பார்ப்பது உங்களிடம் வருகிறவர்களை. வராதவர்களை யார் பார்ப்பது?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் கோ. வெங்கடசாமியும் அவருடைய குழுவினரும் ஊர் ஊராக இலவச முகாம் நடத்தினார்கள். முகாமுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்த எவருக்கும் ஊரே திரண்டு வந்துவிட்டதாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் முகாம் நடந்த கிராமங்களில் வீடு வீடாகப் போய் விசாரித்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியானது. கண்ணில் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான் என்று அது காட்டியது. மற்றவர்களிடம் காரணம் கேட்டபோது பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, 'இந்த வயதில் எதற்கு', 'இப்படியே சமாளித்துக்கொள்ளலாம்' என்றெல்லாம் பதில் வந்தது. முகாம் பந்தலுக்குள் உட்கார்ந்து கருத்துக் கேட்டிருந்தால் இவற்றில் ஒன்றுகூடக் காதில் விழுந்திருக்காது. கிராமங்களுக்கு அருகிலேயே ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சிறிய பார்வை மையங்களை அரவிந்த் பின்னர் அமைத்தது. அங்கே உட்கார்ந்தபடியே நோயாளி, தொலைவில் உள்ள மருத்துவரோடு கணினி வழியாகப் பேசுகிறார்.

திறமையும் நேர்மையும் உள்ள ஒரு நிறுவனத்துக்கே வாசலைத் தாண்டிப் போய்க் கேட்ட பிறகுதான் இது தெரிந்தது. உங்கள் வருகைப் பதிவேடு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

பேரிடர் நேரத்தில் கருத்துக் கேட்க அவகாசம் ஏது?

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்கு, சாலையோரம் குவிந்து கிடந்த பழைய துணிகள் நினைவிருக்கும். நாடு முழுவதிலிருந்தும் அன்போடு அனுப்பிய துணிகள். கடலில் எல்லாவற்றையும் இழந்திருந்தாலும், பிறர் உடுத்திக் கழித்ததை உடுத்த மீனவக் குடும்பங்களுக்கு மனம் வரவில்லை. அடுத்து படகுகள் வந்தன. கண்ணாடியிழைப் படகுகளைப் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்ததில், சில இடங்களில் ஆழிப்பேரலைக்கு முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் சேர்ந்தன. அதே நேரத்தில் கூடையில் மீன் விற்ற பெண்களும், உப்பு ஏறிய வயலில் கூலி வேலையை இழந்த தலித் குடும்பங்களும் பல பட்டியல்களில் இடம்பெறவே இல்லை. படகு வைத்திருந்தவர்தான் இழந்தவர் என்று நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் எண்ணிக்கொண்டார்கள்.

அவசரத்தில் நாற்பது கேள்விகள் வேண்டாம். 'இன்றைக்கு உங்களுக்கு எது இல்லாமல் முடியாது? யாருக்கு இன்னும் எதுவும் வந்து சேரவில்லை?' இந்த இரண்டு கேள்விகளை ஒவ்வொரு தெருவிலும் கேட்க ஓர் அரைநாள் போதும். நிவாரண அமைப்புகள் பலவும் ஏற்றுக்கொண்டுள்ள மனிதநேயப் பணித் தரநெறிகள், புகார்களை வரவேற்று அவற்றுக்குத் தீர்வு காண்பதைக் கடமையாகவே வைத்திருக்கின்றன.

சரி, கேள்வித்தாளை எங்கிருந்து தொடங்குவது?

முடிவிலிருந்து. அடுத்த ஆறு மாதங்களில் உங்கள் கையில் இருக்கும் முடிவுகளை முதலில் எழுதுங்கள். படிப்பகத்தை மாலை ஐந்து மணிக்கு நடத்துவதா ஆறு மணிக்கா, தையல் பயிற்சியைத் தொடர்வதா நிறுத்துவதா, மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதா என்பது போல. பிறகு ஒவ்வொரு கேள்வியையும் இப்படிச் சோதியுங்கள்: பதில் 'ஆம்' என்று வந்தால் என்ன செய்வோம், 'இல்லை' என்று வந்தால் என்ன செய்வோம்? இரண்டுக்கும் செய்யப்போவது ஒன்றுதான் என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள்.

உங்களால் மாற்றவே முடியாத ஒன்றைப் பற்றிக் கேட்பதும் தவறு. வீட்டுமனைப் பட்டா இருக்கிறதா என்று கேட்டால், வாங்கித் தரப்போகிறீர்கள் என்றுதான் கேட்கப்பட்டவர் நினைப்பார். அடுத்த ஒரு வருடமும் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அதைப் பற்றி விசாரிப்பார். அதில் அவர் மேல் பிழை இல்லை.

எத்தனை கேள்விகள் இருக்கலாம்?

பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து பதில் சொல்லும் ஒரு தாயின் பத்து நிமிடம் என்று கணக்கிடுங்கள்.

நன்கொடையாளர் ஆங்கிலக் கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார். மொழிபெயர்த்தால் போதுமா?

போதாது. எனக்கு மிகுந்த வருத்தம் தரும் இடமே இதுதான்.

'வலுவாக ஒப்புக்கொள்கிறேன்', 'ஒப்புக்கொள்கிறேன்', 'நடுநிலை' என்று அச்சடித்த தாள்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். தமிழில் யாராவது எதையாவது வலுவாக ஒப்புக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா? ரென்சிஸ் லைகர்ட் 1932-இல் அமைத்த ஐந்து படி அளவுகோல் நல்ல கருவிதான். ஆனால் அதன் படிகளை நம் பேச்சிலிருந்து எடுக்க வேண்டும். 'முழுக்கச் சரி, ஓரளவு சரி, ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவு சரியில்லை, சரியே இல்லை' என்று வாய்விட்டுப் படித்தால் கேட்பவருக்குப் புரியும்.

'பரவாயில்லை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'சாப்பாடு எப்படி இருந்தது?' என்றால் 'பரவாயில்லை' என்பார்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது என்றும் அதற்குப் பொருள் உண்டு. குறை இருக்கிறது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் பொருள் உண்டு. குரலையும் முகத்தையும் பார்த்துத்தான் எது என்று பிரித்தறிய முடியும். தாளில் அதை மூன்றாம் கட்டத்தில் குறித்துவிட்டு நகரும் களப்பணியாளர், சொன்னவரின் மனத்தைத் தவறவிடுகிறார். நாங்கள் பயிற்சியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யாராவது 'பரவாயில்லை' என்றால் உடனே 'எதை மாற்றினால் இன்னும் நன்றாக இருக்கும்?' என்று கேட்க வேண்டும். உண்மையான பதில் பெரும்பாலும் அந்த இரண்டாம் கேள்விக்குத்தான் வரும்.

'உங்கள் மாத வருமானம் எவ்வளவு?' என்பதும் அப்படித்தான். அன்றாடக் கூலி வாங்குபவருக்கு மாத வருமானம் என்று ஒன்று கிடையாது. வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்வார், நீங்கள் அதைச் சராசரி எடுப்பீர்கள். 'போன வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது? ஒரு நாள் கூலி என்ன?' என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார்.

ஒரு கேள்விக்குள் இரண்டைத் திணிக்காதீர்கள். 'டீச்சர் நேரத்துக்கு வந்து நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாரா?' என்றால், நேரத்துக்கு வந்து மோசமாகச் சொல்லிக்கொடுப்பவருக்கு எந்தக் கட்டம்? 'நன்றாக இருக்கிறதுதானே?' என்பதில் உள்ள 'தானே' பதிலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. இவற்றையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிப்பது கடினம். அச்சடிப்பதற்கு முன் ஐந்தாறு பேரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கே அவர்கள் திகைக்கிறார்களோ, எங்கே 'என்ன கேட்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்கிறார்களோ, அந்த இடத்தை மாற்றி எழுதுங்கள்.

எல்லோரும் 'மிகவும் நன்று' என்றே சொல்கிறார்கள். மகிழ்ச்சி அடையலாமா?

இல்லை. சந்தேகப்படுங்கள்.

நான் சில காலம் உதவியாக இருந்த ஒரு மாலைப் படிப்பகத்தில் பெற்றோர் அனைவரும் எல்லாக் கேள்விக்கும் மேல் கட்டத்திலேயே குறியிட்டிருந்தார்கள். கேட்டவர் அதே படிப்பகத்தின் பொறுப்பாளர். பிள்ளைக்கு இலவசமாகப் பாடம் சொல்லித் தருபவரின் முகத்துக்கு நேரே குறை சொல்ல எந்த அம்மாவுக்கு வாய் வரும்? வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது போல, நல்ல வார்த்தையையும் கொடுத்து அனுப்புவார்கள். அது மரியாதை. அதைத் தரவு என்று எடுத்துக்கொண்டது எங்கள் தவறு.

அடுத்த முறை கேட்பவரை மாற்றினோம். பக்கத்து ஒன்றியத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்களை அழைத்தோம். கேள்வியையும் மாற்றினோம். 'படிப்பகம் எப்படி இருக்கிறது?' என்பதை எடுத்துவிட்டு, 'போன இரண்டு வாரத்தில் உங்கள் பிள்ளை எந்த நாள் வரவில்லை? அன்றைக்கு என்ன நடந்தது?' என்று வைத்தோம். பெண் பிள்ளைகள் மழைக்காலத்தில் வருவதில்லை, ஏனென்றால் திரும்பும் வழியில் ஒரு திருப்பத்தில் விளக்கு எரிவதில்லை என்று பல வீடுகளில் சொன்னார்கள். வகுப்பை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தினோம். அந்தப் பெற்றோரின் திருப்தியில் பொய் இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவர்கள் திருப்தியாகவும் இருந்தார்கள், பிள்ளையை அனுப்பாமலும் இருந்தார்கள்.

கருத்தைக் கேட்பதைவிட நடந்ததைக் கேட்பது நல்லது. 'நர்ஸ் அன்பாக நடந்துகொள்கிறாரா?' என்பதைவிட 'கடைசியாகப் போனபோது எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்று யாராவது சொன்னார்களா?' என்பது மேல்.

'0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள்' என்ற முறை நமக்கு ஒத்துவருமா?

இந்த முறையை 2003-இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் வணிக நிறுவனங்களுக்காக முன்வைத்தார். 'எங்களை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?' என்று கேட்டு, 9, 10 கொடுத்தவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் சதவீதத்தைக் கழிப்பார்கள். தொண்டு நிறுவனங்களும் இப்போது இதைப் பயன்படுத்துகின்றன.

நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு மதிப்பெண் என்றால் பள்ளிக்கூடம். நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி, 60 எடுத்தால் முதல் வகுப்பு. அந்தப் பழக்கத்தில் ஒருவர் மனம் நிறைந்து 6 கொடுப்பார், கணக்கு அவரைக் குறை சொல்பவர்கள் பக்கம் சேர்த்துவிடும். இன்னொருவர் யோசிக்காமல் 10 கொடுப்பார். ஆகவே உங்கள் எண்ணை வேறு ஊர், வேறு நாட்டு எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உங்களுடைய போன வருட எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். 'ஏன் இந்த எண்?' என்ற துணைக் கேள்வியை விடவே விடாதீர்கள்.

எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்?

அறுபது பிள்ளைகள்தான் என்றால் அறுபது வீட்டுக்கும் போங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் மாதிரி எடுக்கலாம், அதாவது எல்லோருக்கும் பதிலாகச் சிலரை மட்டும் தேர்ந்து கேட்கலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நமக்குப் பழகிய வாக்கு. கிளறிய பானைக்குத்தான் அது பொருந்தும். மேலே கிடக்கும் பருக்கையை மட்டும் எடுத்து நசுக்கிப் பார்த்தால் அடியில் தீய்ந்ததா, நடுவில் வேகவில்லையா என்று தெரியாது. கிளறுவது என்றால், பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாக வாய்ப்பு இருக்க வேண்டும். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கலாம். அல்லது பட்டியலில் ஓர் இடத்தில் தொடங்கி ஒவ்வொரு பத்தாவது பெயரையும் எடுக்கலாம். வங்காளத்தில் சணல் விளைச்சலை மதிப்பிட மாதிரி ஆய்வுகள் நடத்திய பி. சி. மகலனோபிஸ்தான் 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்கு வழிகோலியவர்.

எண்ணிக்கைக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. இப்படிக் குலுக்கி எடுத்த 100 பேரிடம் கேட்டால் விடை ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளி மேலே கீழே இருக்கலாம். 400 பேர் என்றால் 5 புள்ளி. 1,000 பேர் என்றால் 3 புள்ளி. நானூறுக்கு மேல் போகப் போக உழைப்பு கூடும் அளவுக்குத் துல்லியம் கூடாது. ஆனால் அந்த 400 பேரில் தனித்து வாழும் பெண்கள் 40 பேர்தான் என்றால், அவர்களைப் பற்றி நீங்கள் சொல்லும் எண் 15 புள்ளிக்கு மேல் ஆடும். ஒரு சிறு பிரிவினரைப் பற்றி அறிவது முக்கியம் என்றால் அவர்களைக் கூடுதலாகச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கூட்டம் பெரிதாக இருந்தால் போதும் என்ற எண்ணத்துக்கு 1936-இல் அமெரிக்காவில் பெரிய அடி விழுந்தது. லிட்டரரி டைஜெஸ்ட் இதழ் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் பெற்று, அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்துதான் பெயர்களில் பெரும்பகுதியை எடுத்திருந்தார்கள். பதில் அனுப்ப மனம் வந்தவர்கள் அதிலும் ஒரு சாரார்.

நம் ஊரில் அதே பிழை வேறு உருவில் நடக்கிறது. களப்பணியாளர் பஸ்ஸிலிருந்து இறங்கி முதல் தெருவில் உட்கார்ந்து இருபது தாளையும் முடித்துவிடுவார். ஊருக்குத் தள்ளி இருக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு வெயிலில் நடக்க மாட்டார். வேறு காரணங்களாலும் நடக்க மாட்டார், அதை வெளிப்படையாகவே பேசிவிட வேண்டும். வீட்டில் ஆண் இருந்தால் அவரே பதில் சொல்வார், மனைவி கதவுக்குப் பின்னால் நிற்பார். எந்தத் தெரு, எந்த வீடு, வீட்டில் யார் என்பதை அலுவலகத்திலேயே முடிவு செய்து கையில் கொடுத்து அனுப்புங்கள். வீடு பூட்டியிருந்தால் இன்னொரு முறை போகச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்குப் பூட்டியிருக்கும் வீடு, பெரும்பாலும் நூறு நாள் வேலைக்கோ கூலிக்கோ போனவர்களின் வீடு.

கூகுள் ஃபார்ம்ஸ் அனுப்பினால் வேலை முடிந்துவிடாதா?

உங்கள் ஊழியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் அது சரி. பயனாளிகளில் வாட்ஸ்அப்பில் இருப்பவர், தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்தவர், டேட்டா மீதமிருப்பவர் மட்டுமே பதில் அனுப்புவார். வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். நேரில் போய்க் கேட்டு, பதிலை மட்டும் போனில் பதிவு செய்யலாம். கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே போன்ற செயலிகள் நெட்வொர்க் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், தமிழிலும் கேள்விகளை ஏற்றலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்துப் பேசும் ஏற்பாடு நன்றாக உதவுகிறது.

கருத்துப் பெட்டி வைத்திருக்கிறோம். அதில் எதுவும் விழுவதில்லையே?

அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பெட்டியை எப்போது திறக்கிறார்கள், போன முறை விழுந்த தாளுக்கு என்ன செய்தார்கள் என்பது வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறதா? இல்லை என்றால் யாரும் போட மாட்டார்கள்.

பெயர் கேட்கலாமா?

தேவை இல்லை என்றால் வேண்டாம். பெயரை விட்டுவிட்டால் மட்டும் ரகசியம் காக்கப்பட்டுவிடாது. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் 'வயது, பாலினம், எந்தப் பிரிவு' என்று மூன்றையும் கேட்டால், எழுதியவர் யார் என்று இயக்குநருக்கு உடனே தெரிந்துவிடும். ஐந்து பேருக்குக் குறைவான எந்தப் பிரிவின் பதிலையும் தனியாக அச்சிடாதீர்கள். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறுவதை வலியுறுத்துகிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

பதில் சொல்லும்போது ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லிவிட்டால்?

கேள்வித்தாளை அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் குழந்தையை மேலும் மேலும் விசாரிக்காதீர்கள். சொன்னதை நம்புகிறீர்கள் என்பதை உணர்த்துங்கள். 2012-இன் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் உதவி கிடைக்கும். எனவே தொடக்கத்திலேயே 'நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. 'உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும், உதவக்கூடியவர்களிடம் சொல்வோம்' என்று சொல்லுங்கள். களத்துக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் யாரை உடனே அழைப்பது என்ற எண் எழுதிய அட்டை இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு செய்யாமல் குழந்தைகளிடம் கருத்தாய்வுக்குப் போகாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பதில்கள் எல்லாம் எக்செல்லில் ஏறிவிட்டன. இனி?

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்துக்கு 4 என்ற சராசரி எல்லோரும் 4 கொடுத்ததால் வந்திருக்கலாம். நான்கில் மூன்று பேர் 5-உம் ஒருவர் 1-உம் கொடுத்தாலும் அதே 4 வரும். அந்த நான்காமவர் யார்? ஒரே கிராமத்தைச் சேர்ந்தவர்களா, ஒரே பயிற்சியாளரிடம் படித்தவர்களா, மாற்றுத்திறனாளிகளா? தேடவேண்டியது அவரைத்தான்.

சொந்த வார்த்தையில் சொன்ன பதில்களைத் தமிழிலேயே, சொன்னது சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு வரிச் சுருக்கம் எழுதிவிட்டு மூலத்தை எறிந்துவிடும் வழக்கம் மிக மோசமானது. முதல் ஐம்பது பதில்களை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, எந்தெந்தப் பொருள் திரும்ப வருகிறது என்று பட்டியலிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிடுங்கள். ஒரே ஒருவர் சொன்னது என்பதற்காக எதையும் ஒதுக்காதீர்கள். சமையற்கூடத்தில் கேஸ் வாசனை வருகிறது என்று சொல்ல ஒருவர் போதும்.

முடிவு மோசமாக வந்திருக்கிறது. நன்கொடையாளருக்கு எப்படிக் காட்டுவது?

அப்படியே காட்டுங்கள். கூடவே, என்ன மாற்றப்போகிறீர்கள் என்பதையும், எந்த மாதத்தில் மீண்டும் கேட்கப்போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

பெங்களூருவில் சாமுவேல் பால் 1994-இல் நகர மக்களிடம் கருத்துக் கேட்டு, குடிநீர், மின்சாரம், மாநகராட்சி முதலிய அரசுத் துறைகளுக்கு மதிப்பீட்டு அட்டை தயாரித்தார். பள்ளிப் பிள்ளைகளின் ரேங்க் கார்டு போலத்தான். துறை ஊழியர்களின் நடத்தை, பிரச்சினையைத் தீர்க்க எத்தனை முறை அலைய வேண்டியிருந்தது, லஞ்சம் கேட்டார்களா என்றெல்லாம் கேட்டார்கள். முடிவு படுமோசம். அது பத்திரிகைகளில் வெளியானது. 1999-இல் இரண்டாம் முறை கேட்டபோது முன்னேற்றம் ஓரளவே இருந்தது. அதன் பிறகு முதலமைச்சர் எஸ். எம். கிருஷ்ணா அமைத்த பணிக்குழுவும் துறைகளும் சேர்ந்து வேலை செய்தன. 2003-இல் மூன்றாம் அட்டை வந்தபோது மக்களின் திருப்தி தெளிவாக உயர்ந்திருந்தது. எனக்கு இதில் பிடித்தது அந்த ஒன்பது ஆண்டுப் பொறுமை. முதல் அட்டை கிடைத்ததும் மூடி வைத்திருந்தால் இரண்டாவதோடு ஒப்பிட எதுவும் இருந்திருக்காது.

நல்ல எண்களை மட்டும் கேட்கும் நன்கொடையாளர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட வேண்டும். அந்த வாதத்துக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம், போன முறை மோசமாக வந்த எண் இந்த முறை ஏன் மாறியது என்ற கதை.

பதில் சொன்ன மக்களுக்கு முடிவைச் சொல்வது அவசியமா?

நம் துறையில் அதிகம் விட்டுப்போகும் வேலை இது. அவர்கள் நேரம் கொடுத்தார்கள், வீட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அறிக்கை டெல்லிக்கோ லண்டனுக்கோ போகிறது. ஊருக்குத் திரும்பி வருவதில்லை. அடுத்த வருடம் அதே தெருவுக்கு வேறு தாளோடு போகும்போது ஒரு பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டார்: 'போன தடவை எழுதிக்கொண்டு போனது என்ன ஆயிற்று, தம்பி?' அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதிலிருந்து, முடிவைச் சொல்லும் கூட்டத்துக்கான தேதியைக் குறிக்காமல் எந்த ஆய்வையும் தொடங்கக் கூடாது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் நடத்திய மக்கள் விசாரணையில், அரசுப் பணிகளின் கணக்குகளை ஊரார் முன்னால் உரக்கப் படித்தார்கள். வேலை செய்ததாக எழுதப்பட்டவர்கள் எழுந்து நின்று உண்மையைச் சொன்னார்கள். பின்னாளில் வேலை உறுதிச் சட்டத்தில் சமூகத் தணிக்கை இடம்பெற்றதற்கு அந்தக் கூட்டங்களே வித்து. பதிவேட்டில் கிடந்தவரை அவை வெறும் எண்கள், ஊர் நடுவில் படித்தபோது அவற்றுக்குச் சாட்சி வந்தது.

நம்மிடம் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் ஊர் கூடுகிறது. பெரிய எழுத்தில் ஒரே தாளில் மூன்று செய்திகள் போதும்: நீங்கள் சொன்னது, நாங்கள் செய்தது, எங்களால் முடியாதது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முடியாததை ஏன் முடியவில்லை என்று நேரில் சொன்னால் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், நான் கண்டிருக்கிறேன்.

இப்படியெல்லாம் செய்தால் உண்மையிலேயே நிலைமை மாறுமா?

தகவல் மட்டும் போனால் மாறாது. பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்தும் அசர் ஆய்வு நாடு முழுவதும் கிராமத்துப் பிள்ளைகளை வீட்டிலேயே உட்கார வைத்து எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிக்கச் சொல்லிப் பார்க்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடியவில்லை என்பது அப்படித்தான் வெளிப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில், ஊர் மக்களே தங்கள் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்து மதிப்பீட்டு அட்டை தயாரித்துக் கூட்டம் போட்டுப் பேசும் முயற்சி ஒன்று நடந்தது. பள்ளியில் எதுவும் அசையவில்லை. ஆனால் சில ஊர்களில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாசிப்பு முகாம்களை நடத்தச் சொன்னார்கள். முகாமுக்கு வந்த பிள்ளைகள் படிக்கத் தொடங்கினார்கள். தெரிந்துகொண்டவர்களுக்குச் செய்வதற்கென்று ஒரு வேலையும் கைக்கு எட்ட வேண்டும்.

உகாண்டாவில் 50 சுகாதார நிலையங்களைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வு, மக்களும் ஊழியர்களும் மதிப்பீட்டு அட்டையை வைத்துக்கொண்டு கூடிப் பேசி ஒப்பந்தம் செய்துகொண்ட இடங்களில் குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொன்னது. உலகமே மகிழ்ந்தது. பிறகு 370-க்கும் மேற்பட்ட நிலையங்களில் இதே போன்ற முயற்சியைச் சோதித்தபோது சிகிச்சையின் தரம் ஓரளவு உயர்ந்தது, இறப்பு குறையவில்லை. இந்த இரண்டாவது செய்தியையும் சேர்த்துத்தான் நான் எப்போதும் சொல்கிறேன்.

பணமும் இல்லை, ஆளும் இல்லை. நாளைக் காலையில் எதைச் செய்யலாம்?

வருகைப் பதிவேட்டை எடுங்கள். கடந்த மூன்று மாதங்களில் வருவதை நிறுத்திவிட்ட பத்துப் பேரின் பெயர்களைக் குறியுங்கள். நேரில் போகவோ அழைக்கவோ அவர்களுக்குப் பழகாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். 'திரும்பி வாருங்கள்' என்று சொல்ல வேண்டாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். 'கடைசியாக வந்த நாளில் என்ன நடந்தது?' என்று மட்டும் கேட்கட்டும், சொல்வதை அவர்களுடைய வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதட்டும். சனிக்கிழமை மாலை தேநீர் வைத்துக்கொண்டு அந்தப் பத்துப் பக்கங்களையும் எல்லா ஊழியர்களும் இருக்கும்போது சத்தமாகப் படியுங்கள், சமையல் செய்யும் அக்காவும் வாகனம் ஓட்டுகிறவரும் உட்பட. அவர்களில் யாராவது ஒருவர், 'இது எனக்கு முன்னமே தெரியும், யாரும் என்னைக் கேட்கவில்லை' என்று சொல்லக்கூடும். அவருக்கு ஒரு நாற்காலியைப் போட்டு, நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.